மட்டம்

பணிக்கொடை கைக்கு வந்த கிழமை
வங்கிக்காரர் நிலையான வைப்பு என்றார்.
மகன் கனடாவிலிருந்து மேல்மாடி என்றான்.
நான் வாகரைக்குப் போய்
ஒரு பெட்டைக் குதிரையோடு வந்தேன்.

புவனலோஜினி படலையைத் திறக்கவில்லை.
"மாடெண்டாலும் பால் தரும்.
இது என்னத்தத் தரும் கா?"
அரை மணித்தியாலம்
நானும் குதிரையும் ஒழுங்கையில் நின்றோம்.
அவளுடைய பூவரசு வேலியை அது
தின்னத் தொடங்கிய பிறகுதான் திறந்தது படலை.

முப்பத்தாறு வருடம்
நீர்ப்பாசனத் திணைக்களத்தில் மட்டம் பார்த்தவன் நான்.
உன்னிச்சை, நவகிரி, உறுகாமம்.
முக்காலியை ஊன்றி, ஒரு கண்ணை மூடி,
தண்ணீர் எந்தப் பக்கம் போக விரும்புகிறது என்று
தண்ணீருக்கு முன்னமே சொல்ல வேண்டும்.
பிழைத்தால் போடிமார் சட்டையைப் பிடிப்பார்கள்.
அடையாளக் கல்லுகள் காணாமற்போன வருடங்களில்
உடைந்த பாலத்தின் மிஞ்சிய படியிலிருந்து
உயரம் எடுத்திருக்கிறேன்.

ஆகவே மட்டக்குதிரை.

பழைய வகை என்றால்
கட்டைக் கால், பீப்பா வயிறு,
கண்ணை மறைக்கும் மயிர்,
லாடம் காணாத குளம்பு,
கச்சான் காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கும் அறிவு.
பந்தயக் குதிரை கலந்த நாளிலிருந்து
காலும் கழுத்தும் நீண்டு
இந்த மணலில் நிற்கத் தெரியாத பிறவிகளாய்ப் போயின.
(இதை நான் தொடங்கினால்
புவனம் எழும்பி உள்ளே போய்விடுவாள்.
இதுவரை நாற்பது தடவை போயிருக்கிறாள்.)

பொலிக்குதிரை ஓட்டமாவடி மீராமுகைதீனுடையது.
பாசிக்குடாக் கரையில்
வெள்ளைக்காரப் பிள்ளைகளைச் சுமந்து சலித்த ஒன்று.
"இவன்ட வம்சம் கேக்காதீங்க சேர்,
நான் என்டதையே கேட்டதில்ல."
தோளையும் முழங்காலையும் தடவிப் பார்த்தேன்.
கூலி இரண்டு மூடை சம்பா,
ஒரு பழைய தண்ணீர்ப் பம்பி.

பதினொரு மாதம்
நாட்காட்டியில் நான் கோடு கீறினேன்.
கோடுகளுக்கிடையில் அவள் பால் கணக்கு எழுதினாள்.

வாவி ஏறி வீதிக்கு வந்த மாரி இரவில்
மிருக வைத்தியர் நௌசாத் போனை எடுக்கவில்லை.
சாரியைச் செருகிக்கொண்டு இறங்கினாள் புவனம்.
"விலகுங்க. வெளிச்சத்த மறைக்காதீங்க."
ஈரமாய் வந்து விழுந்தது குட்டி.
மறுகா எழும்பப் பார்த்தது.
நாலு காலும் நாலு ஊருக்குப் போயின.
இந்தப் பக்கம் சரிந்து, அந்தப் பக்கம் சரிந்து,
கண்ணாடிக் குழாய்க்குள் நடுவைத் தேடும் குமிழி போல.
மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்,
வேலைத் தலத்தில் பார்த்தது போலவே.
நின்றது.
புவனம் மூக்கைச் சீறினாள்.

கரடியனாற்றுக் கண்காட்சி.
படிவத்தில் பசு, எருமை, ஆடு, கோழி.
'ஏனையவை' என்ற கட்டத்தில்
எங்களுக்குச் சரி போட்டாள் ஒரு பிள்ளை.
நுவரெலியாவிலிருந்து வந்த நடுவர்
தாயின் தோளடியில் கோலை நிறுத்தி அளந்து
சிங்களத்தில் என்னவோ சொன்னார்.
பிள்ளை தயங்கித் தயங்கி
"மட்டமாம் சேர்" என்றாள்.
நன்றி என்றேன். மனமார.

மூன்று குதிரையில் மூன்றாம் இடம்.
முதலிடம் விடுதியொன்றின் ஓய்வுபெற்ற ஓட்டக்காரன்;
என்னைப்போல அதற்கும் முழங்கால் வீக்கம்.
மஞ்சள் நாடாவில் பாதியைக்
குட்டி அங்கேயே தின்றது.

திரும்பும்போது லொறியின் பின்னால்
குட்டியைக் கட்டிப்பிடித்தபடி இருந்தாள்.
கல்லடிப் பாலத்தில் ஏறும்போது கேட்டாள்:
"அடுத்த வருசமும் அந்த மனிசன்தான் வருவானா?"
"ஆர்?"
"அளந்தவன். அவன்ட கோல் சரிஞ்சு நிண்டது.
நான் பாத்தனான்."

சரிந்த கோல் கூட்டித்தான் காட்டும்,
குறைத்துக் காட்டாது.
எங்கள் குதிரை உண்மையில் இன்னும் கட்டை.

அதை நான் அவளிடம் சொல்லவில்லை.